ஆய்வாளரின் முதற் பங்களிப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

காணிப்பாக்கம் விநாயகர் முன் பொய்ச்சத்தியம் செய்யச் சித்தூர் வட்டாரத்தில் எவரும் எளிதில் துணிவதில்லை. கடன் தகராறோ களவுப் பழியோ, “காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் செய்” என்ற அழைப்போடு வழக்கு பாதி முடிந்துவிடுகிறது. அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் அத்திருமுன்னுக்கு அழைப்பதை ஆந்திரச் செய்தித்தாள்களில் காணலாம். அதே வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் ஒப்படைக்கப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் சத்தியங்கள் உண்டு. ‘இவ்வாய்வு என் சொந்த உழைப்பு’ என்பது முதற்பக்கத்துச் சத்தியம். அதன் உண்மையை அறியக் கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று வரும்: ‘இவ்வாய்வில் பயன்பட்ட நிரல், கேட்போர்க்கு வழங்கப்படும்.’ இந்த இரண்டாவதைச் சோதிப்பார் இல்லை.

கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் நிலை தெரியும். பல மடல்களுக்குப் பின் ஒரு ஜிப் கோப்பு வரும். அதனுள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் சார் கரெக்‌ஷன்’ என்ற பெயர்களில் கோப்புகள் இருக்கும். எதை முதலில் ஓட்டுவது என்ற குறிப்பு இராது. நிரலின் நடுவே, ஆய்வகத்தின் ஒரு குறிப்பிட்ட கணினியில் மட்டுமே உள்ள கோப்புறையின் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். எந்தெந்த நூலகம், எந்தெந்தப் பதிப்பு என்பதெல்லாம் எழுதியவரின் நினைவில் இருந்தன. அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது அவையும் உடன் போயின. இதில் ஏமாற்றும் எண்ணம் எவர்க்கும் இல்லை. நிரல் அவர் கணினியில் ஓடியது உண்மைதான். ஆயினும் ‘என் கணினியில் ஓடியது’ என்பது ஆய்வுலகில் சாட்சியமாகாது. பிறர் கணினியிலும் ஓடியாக வேண்டும்.

திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்பும் ஆய்வு மாணவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை இந்த ஜிப் கோப்பில் இருக்கிறது. தம் ஆய்வகத்து நிரலை, அதை முன்பின் அறியாத ஒருவரின் கணினியில் பில்டு ஆகச் செய்வது முதல் வேலை. அவ்வேலையில் தட்டுப்படும் வழு தம்முடையதன்று, கருவியுடையது என்று உறுதியானால், அதை அந்த பில்டு கருவியை உருவாக்குவோரிடம் கொண்டு சேர்ப்பது இரண்டாவது. இவ்வரிசை மாறும்போது விளைவது தொந்தரவு. அதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2020 அக்டோபரில் நடந்ததை நினைவுகூரலாம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் நடத்திவந்த ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வில், திறமூலத் திட்டங்களுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோர்க்கு ஒரு டி-ஷர்ட் பரிசு. அவ்வாண்டு மாதம் பிறந்த ஓரிரு நாளிலேயே உலகெங்கும் உள்ள பராமரிப்பாளர்களின் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. ரீட்மீ கோப்பின் தலைப்பில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதையே பங்களிப்பு என அனுப்பியவர்கள் எண்ணற்றோர். இந்திய மாணவர்களை நோக்கி வெளியான ஒரு காணொளி இதற்கான செய்முறையை விளக்கியிருந்ததாகப் பலர் சுட்டிக்காட்டினர். அக்டோபர் 3 அன்றே நிறுவனம் விதியை மாற்றி, இணங்கிய திட்டங்களுக்கு மட்டுமே நிகழ்வு பொருந்தும் என்றது. பாடம் நிலைக்கவில்லை. 2024 தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற புகழ்பெற்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் ரீட்மீ கோப்பில் தம் பெயரைச் சேர்க்கும் கோரிக்கைகள் வந்து குவிந்தன. அதற்கும் பின்னணியில் இருந்தது இந்தியாவில் வெளியான பயிற்சிக் காணொளி.

இம்மாணவர்களை எள்ளி நகையாடுவது எளிது, நியாயமன்று. ‘கிட்ஹப் கணக்கில் பச்சைக் கட்டங்கள் இருந்தால் வேலை கிடைக்கும்’ என்று அவர்களிடம் சொன்னவர்கள் ஆசிரியர்களும் வேலைவாய்ப்பு அலுவலர்களுமே. சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையின் இருமருங்கிலும், எல்லை தாண்டி வேலூரிலும், பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவை நடத்தும் ‘திறமூலப் பங்களிப்புப் பயிலரங்கு’களின் வடிவத்தை நிகழ்ச்சி நிரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்: காலையில் கிட் கட்டளைகள், பிற்பகலில் ஒரு போலிக் களஞ்சியத்தில் பெயரைச் சேர்த்தல், மாலையில் சான்றிதழ். பங்களிப்பதன் சடங்கு கற்பிக்கப்படுகிறது. பங்களிக்க ஒரு பொருள் வேண்டும் என்பது மட்டும் விடுபட்டுப் போகிறது. ஆய்வு மாணவரிடம் அந்தப் பொருள் இருக்கிறது. அவருடைய ஓடாத நிரலே அது.

பில்டு கருவி என்ற சொல்லைக் கேட்டதும் மொழியியல், உயிரியல், இயற்பியல் மாணவர்கள் ‘இது கணினித் துறையார் வேலை’ என்று ஒதுங்குவதுண்டு. மனிதர் எழுதிய மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக ஆக்க எந்தக் கோப்பை முதலில் எடுக்க வேண்டும், எதற்கு எது தேவை, எது மாறினால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளும் கருவி, அவ்வளவே. அதன் பிறப்புக் கதையும் ஓர் ஆய்வகத்துச் சலிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பெல் ஆய்வகத்தில் ‘யாக்’ நிரலை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், வழுவைத் திருத்தியபின் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்து, சரியான நிரலிலேயே பிழை தேடி ஒரு காலைப்பொழுதைத் தொலைத்தார். அந்தப் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் ‘மேக்’ கருவியை எழுதினார். கட்டளை வரிகளின் தொடக்கத்தில் ‘டேப்’ விசை இருந்தாக வேண்டும் என்ற அதன் விதி தவறானது என்று அவர்க்கே சில வாரங்களில் தோன்றிவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்கு இடையூறு வேண்டாமென்று மாற்றாமல் விட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக அரைநூற்றாண்டாக உலகம் டேப்புக்கும் இடைவெளிக்கும் வேறுபாடு தெரியாமல் அல்லற்படுகிறது. இக்கருவிக்கு 2003 இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அற்பமான கருவி என்று எண்ணுவோர்க்காக.

இனி ஆய்வாளர்களை நேரடியாகத் தொடும் செய்தி. காணிப்பாக்கத்து மூர்த்தி ஆண்டுக்காண்டு வளர்ந்துவருவதாக அடியார்கள் நம்புகிறார்கள். முன்பு சாத்திய வெள்ளிக் கவசம் இன்று பொருந்துவதில்லை என்று அதற்குச் சான்றும் காட்டுகிறார்கள். மென்பொருளில் இந்த வளர்ச்சி நம்பிக்கை சார்ந்ததன்று; பட்டறிவு. பைத்தான் மொழியோடு இருபதாண்டுக்கு மேல் உடன்வந்த ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பில்டு ஏற்பாடு, 2023 அக்டோபரில் வெளியான 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது. அறிவியல் கணிப்புக்கு அடித்தளமான சைபை, நம்பை இரண்டும் முன்னெச்சரிக்கையாக ‘மேசான்’ என்ற புதிய கருவிக்கு மாறின. சைபை 2022 இல் 1.9 பதிப்பிலும், நம்பை 2023 செப்டம்பரில் 1.26 பதிப்பிலும் மாறின. ஃபோர்ட்ரான் நிரலைப் பைத்தானோடு இணைக்க இயற்பியலாரும் வளிமண்டல ஆய்வாளரும் நம்பியிருக்கும் ‘எஃப்2பை’ கருவியும் 3.12 முதல் மேசானையே சார்ந்து நிற்கிறது. 2019 இல் எழுதப்பட்ட ஆய்வேட்டு நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் இன்று வாங்கிய கணினியில் அது பில்டு ஆகாது. கவசம் அப்படியே இருக்க, மூர்த்தி வளர்ந்துவிட்டது.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கியில் வளிமண்டல ஆய்வுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. திருப்பதியில் 1954 இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983 இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 2015 இல் வந்த ஐஐடியும் ஐஐஎஸ்இஆரும் இருக்கின்றன. இத்தனை அறிவியல் துறைகள் நெருங்கி நிற்கும் நிலப்பகுதி தென்னிந்தியாவில் மிகுதியில்லை. வானிலைக் கணிப்பு மாதிரிகளை முதன்முறை நிறுவ முயன்ற எந்த மாணவரும் ‘நெட்சிடிஎஃப்’ நூலகத்தோடு பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டார். அந்தப் பாடு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவரால் முதலிலிருந்து படப்படுகிறது என்பதுதான் கொடுமை. மூத்தவர் கற்றதை இளையவர்க்கு வாய்மொழியாகச் சொல்கிறார். பில்டு கோப்பில் எழுதி வைப்பதில்லை.

தொடங்குவதற்கு மேசானையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வேறு நல்ல கருவிகள் இல்லாமலில்லை. பின்லாந்தைச் சேர்ந்த யூசி பாக்கனன் தொடங்கி 2013 இல் முதலில் வெளியிட்ட கருவி இது. முழுதும் பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானோடு வரும் நூலகங்களுக்கு மேல் வேறெதையும் கேட்காது. ஆகவே களஞ்சியத்தை நகலெடுத்ததும் நிறுவாமலே ஓட்டலாம். ஒரு சொல்லை மாற்றி, உடனே ஓட்டி, விளைவைப் பார்க்கலாம். சி++ இல் எழுதப்பட்ட பெருங்கருவிகளில் இந்த வசதி இல்லை. அவற்றைப் பில்டு செய்வதற்குள்ளேயே புதியவரின் ஒரு வாரம் கரைந்துவிடும். மேசான் தன் பில்டு வேலையை மூல நிரல் இருக்கும் கோப்புறைக்குள் செய்ய மறுக்கும். தனிக் கோப்புறை கேட்கும். மூலமும் விளைபொருளும் கலந்து கிடக்கும் ஆய்வக வழக்கத்துக்கு இந்த ஒரு கண்டிப்பே பெரிய மருந்து.

அதன் களஞ்சியத்தில் சோதனைகளுக்கென்று ஒரு கோப்புறை உண்டு. அதன் பெயரிலேயே இரு சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. இடைவெளியுள்ள பெயரால் பில்டு உடைந்து தவித்தவர்கள் இதைக் கண்டதும் புன்னகைப்பார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு திட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு நடத்தையைச் சோதிக்கும். எண் ஒன்றிட்ட முதல் திட்டத்தின் பெயரே ‘அற்பம்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல். அந்தத் திட்டத்தின் பில்டு கோப்பு ஒரு பக்கமும் வராது. அதிலிருந்து தொடங்கி இருபது, முப்பது சோதனைகளை வரிசையாகப் படித்தால், கருவி என்ன வாக்குறுதிகளைக் காப்பாற்ற முனைகிறது என்பது விளங்கிவிடும். கையேட்டைப் படிப்பதைவிட இது மேல். புதிய வசதி ஒன்றைச் சேர்ப்பவர், அதற்கான சோதனையையும் பயனர்க்கான சிறு குறிப்பையும் உடன் தர வேண்டும் என்பது அங்குள்ள விதி. ‘அருமையான திட்டம்’ என்று எழுதிச் செல்பவர் இந்த வாசலைத் தாண்ட முடியாது. சொன்னதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிப் பார்ப்பது மனிதர் அல்லர், முகதாட்சணியம் இல்லாத தானியங்கி.

புதியவரின் முதற் பங்களிப்பு மிகச் சிறியதாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். பழந்தமிழ்க் கணக்கில் காணி என்பது 1/80. அதிலும் சிறிதான முந்திரி 1/320. வழு ஒன்றை மறுபடி நிகழ்த்திக் காட்டும் ஐந்து வரித் திட்டம் முந்திரி அளவினது. பராமரிப்பாளர்க்கு அதுவே பெருங்கொடை. ‘என் நிரல் பில்டு ஆகவில்லை, உதவுங்கள்’ என்று தம் முப்பதாயிரம் வரிகளை இணைத்து அனுப்புவதற்கும், அதைச் செதுக்கிச் செதுக்கி ஐந்து வரியாக்கி ‘இந்த ஐந்து வரி இந்தப் பதிப்பில் இவ்வாறு தவறுகிறது’ என்று அனுப்புவதற்கும் இடையே இருப்பது ஆய்வுப் பயிற்சி. காரணியைத் தனிமைப்படுத்துதல் என்று ஆய்வுமுறையியல் வகுப்பில் கற்பிக்கப்படுவது இதுவே.

தமிழும் தெலுங்கும் எழுதுவோர்க்கு இங்கே இன்னொரு தனி வேலை காத்திருக்கிறது. பிறரால் அதை எளிதில் செய்ய இயலாது. ‘சோதனை’ என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிப் பார்க்கலாம். அதன் முதலெழுத்தில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் உண்டு. ஒருங்குறியில் அவ்வோகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தரம் இரண்டையும் சமமென்றே சொல்கிறது. ஆனால் ஆப்பிளின் பழைய ‘எச்எஃப்எஸ் பிளஸ்’ கோப்புமுறை பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ், கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஆகவே லினக்ஸில் ‘சோதனை’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே இருக்கக்கூடும். பில்டு கோப்பில் ஒரு வடிவமும் வட்டில் மற்றொரு வடிவமும் இருந்தால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற பதில் வரும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். தெலுங்கின் ஐகாரக் குறிக்கும் இதே இரட்டை வாழ்வு உண்டு. ஒகர ஓகார ஔகாரங்களை அன்றாடம் எழுதாத ஒருவர்க்கு இந்த வழு எதிர்ப்படவே வாய்ப்புக் குறைவு.

விண்டோசிலும் இதற்கு இணையான சிக்கல் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளுக்கு ஒருங்குறிக்கு முந்தைய குறிமுறைகள் அங்கே நிலைபெற்றுள்ளன. தமிழுக்கும் தெலுங்குக்கும் விண்டோஸ் இயல்பாகக் கொள்ளும் அத்தகைய குறிமுறை இருந்ததில்லை. எந்தக் குறிமுறை என்று சொல்லாமல் கோப்பைத் திறக்கும் பைத்தான் நிரல், ஆங்கிலக் கணினியில் தமிழ் எழுத்தைச் சந்தித்ததும் நின்றுவிடும். யூடிஎஃப்-8 குறிமுறையை இயல்பாக்கும் மாற்றம் பைத்தானின் 3.15 பதிப்புக்கென்று முடிவாகியுள்ளது. அதுவரையிலும், பழைய பதிப்புகள் புழங்கும் இடமெல்லாம் அதற்குப் பின்னரும், இவ்வழு வாழும். தம் ஊர்ப் பெயரைத் தமிழிலோ தெலுங்கிலோ கோப்புறைக்கு இட்டு, மூன்று இயங்குதளங்களில் மூன்று பில்டு கருவிகளை ஓட்டி, எது எங்கே தடுமாறுகிறது என்று ஓர் அட்டவணை எழுதினாலே அது ஒரு குறுங்கட்டுரைக்குப் போதும். அட்டவணையின் ஒவ்வொரு தோல்வியும் ஒரு சோதனைத் திட்டம். ஒவ்வொரு சோதனைத் திட்டமும் ஒரு பங்களிப்பு. ‘கோப்புப் பெயரை ஆங்கிலத்தில் வை’ என்று மாணவர்க்குக் கற்பித்துவிட்டு ஒதுங்குவது ஆய்வகங்களின் வழக்கம். அது தீர்வன்று, பின்வாங்கல்.

கிட், லினக்ஸ் போன்றவற்றின் அடிப்படைகளை ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குவோர்க்கு, 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழின் தமிழ்க் கட்டுரைகள் உள்ளன. வழு அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் நல்ல வழு அறிக்கைக்கு வேண்டிய ஆங்கிலம் மிகக் குறைவு: செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது. மீதியை அந்த ஐந்து வரி நிரல் பேசிவிடும். வரலாற்றுத் துறை மாணவர்க்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையை எழுதி ஏற்கச் செய்வது இதைவிடப் பன்மடங்கு கடினம்.

பில்டு கோப்புகளைப் படிக்கக் கற்க வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பு சார்ந்த காரணமும் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநருள் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்துத் தோண்டியதில், ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைத்த கள்ளவழி ஒன்று அகப்பட்டது. அதை வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஈராண்டுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, தனியொருவராக ஊதியமின்றி அத்திட்டத்தைச் சுமந்துவந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். கள்ளவழி நூலகத்தின் மூல நிரலில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. அதன் உடல் சோதனைக்கான ஈருருக் கோப்புகளில் ஒளிந்திருந்தது. அதை எழுப்பும் மந்திரம் வெளியீட்டுப் பொதியில் இருந்த பில்டு கோப்பு ஒன்றில் இருந்தது. பொதுக் களஞ்சியத்தில் பார்த்தவர்க்கு அந்த வரி தென்படாது.

அதே ஆசாமி செய்த இன்னொரு வேலை தமிழ் வாசகர்க்குத் தனிச் சுவை தரக்கூடியது. ஒரு பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும் சிமேக் சோதனை வரிகளுக்கு நடுவே அவர் ஒற்றைப் புள்ளி ஒன்றை வைத்தார். அப்புள்ளியால் அச்சோதனை எப்போதும் கம்பைல் ஆகாது. ஆகவே ‘அந்த வசதி இங்கே இல்லை’ என்று கருவி முடிவுகட்டிப் பாதுகாப்பை அமைதியாக விட்டுவிடும். ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. சுவடிப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வோர் இடத்திலும் புள்ளி உண்டா இல்லையா என்று எண்ணி எண்ணிப் பாடம் கண்டார்கள். அந்தப் பழக்கம் உடைய கண் பில்டு கோப்புக்கும் வேண்டும். தமிழ்த்துறை மாணவர் இவ்வேலைக்கு அந்நியர் அல்லர் என்று சொல்வதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்நிகழ்வுக்குப் பின் புதியவர்கள்மேல் பராமரிப்பாளர்களுக்கு ஐயம் கூடியிருக்கிறது. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு எழுதிய வழு அறிக்கைகளின் வெள்ளம். ‘கர்ல்’ திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 முதலே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதிவருகிறார். இல்லாத வழுவைச் செறிவான ஆங்கிலத்தில் விவரிக்கும் அறிக்கையை மறுக்க மனிதர் ஒருவர் அரைநாள் செலவிட வேண்டியிருக்கிறது. இச்சூழலில் நம்பிக்கை பெறும் வழி முன்பைவிட நீண்டது. தாமே பட்ட இடரிலிருந்து புறப்படும் பங்களிப்புக்கு மட்டுமே அவ்வழியில் பொறுமையாக நடக்க முடியும். சான்றிதழுக்காகத் தொடங்கியது பாதியில் நின்றுவிடும்.

‘அப்படியானால் பங்களிப்புகளுக்கு மதிப்பெண் கொடுங்கள், மாணவர் தாமே செய்வார்’ என்று பேராசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் மிகவும் ஆபத்தானது. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு ஆய்விதழ்க் கட்டுரை கட்டாயம் என்றிருந்த காலத்தில் பணம் வாங்கி வெளியிடும் இதழ்கள் எப்படிப் பெருகின என்பதை எல்லாத் துறைகளும் கண்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அக்கட்டாயம் நீங்கியது. அதே பிழையைப் புல் ரிக்வெஸ்ட் வடிவில் மறுபடி செய்தால், இம்முறை சேதம் நம் கல்லூரி மதிலுக்குள் நிற்காது. எங்கோ ஊதியமின்றி உழைக்கும் ஒருவரின் இரவுகள்மேல் விழும். டி-ஷர்ட் செய்ததை மதிப்பெண் இன்னும் பெரிய அளவில் செய்யும்.

எண்ணுவதற்கு மாறாகச் சோதிக்கலாம். 2016 முதல் வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்’ என்ற ஆய்விதழில், மதிப்பாய்வாளர் மென்பொருளைத் தம் கணினியில் நிறுவிப் பார்த்தே கருத்துரைக்க வேண்டும். அவ்வுரையாடல் எல்லோரும் படிக்கும்படி வெளியாகிறது. இந்த நடைமுறையை வாய்மொழித் தேர்வுக்கு முன் கொண்டுவருவதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. துறையில் பழைய கணினி ஒன்றில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி வைக்க வேண்டும். ஆய்வேட்டோடு வந்த நிரலைப் பக்கத்துத் துறையின் முதுகலை மாணவர் ஒருவர், எழுதியவரிடம் எதையும் கேட்காமல், எழுதி வைத்த குறிப்பை மட்டும் கொண்டு பில்டு செய்து, ஆய்வேட்டின் ஏதேனும் ஓர் அட்டவணையை மறுபடி பெற முயல வேண்டும். ஒரு பிற்பகல் ஆகும். மேற்பார்வையாளர் சிலர்க்கு இது மானப்பிரச்சினையாகத் தோன்றலாம். புறத்தேர்வாளர் முன்னிலையில் நிரல் ஓடாமற்போவதைவிடப் பக்கத்துத் துறை மாணவர் முன்னிலையில் ஓடாமற்போவது எவ்வளவோ மேல்.

நேரமில்லை என்ற மறுப்பும் வரும். நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் இதைக் கேட்பது கொடுமைதான். முதலாண்டில், ஆய்வுமுறையியல் பாடத்தின் பகுதியாக, அதே ஆய்வகத்தின் முந்தைய ஆய்வேடு ஒன்றின் நிரலைப் பில்டு செய்யச் சொன்னால் நேரம் இருக்கும். அந்த நிரலின்மேல்தான் அவர் அடுத்த நான்காண்டும் வேலை செய்யப்போகிறார். அம்முயற்சியில் எழும் தோல்விகளை மூன்றாகப் பிரிக்கலாம். எழுதியவரின் கவனக்குறைவால் வந்தவை ஆய்வகத்துக்குள் திருத்தப்படும். காலமாற்றத்தால் வந்தவை பில்டு கோப்பில் பதிப்பு எண்களாகப் பதிவாகும். எஞ்சியவை கருவியின் வழுக்கள். ஒன்றிரண்டே இருக்கும், சில ஆண்டுகளில் ஒன்றும் இராது. அந்த ஒன்றிரண்டு மட்டுமே வெளியே, மேசானுக்கோ சிமேக்குக்கோ போக வேண்டியவை.

இந்தச் சோதனையில் பல ஆய்வேடுகள் முதல்முறை தேறமாட்டா. தேறாததற்கான காரணங்களைப் பட்டியலிட்டு ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அச்சிட இரண்டு பக்கம் போதும். அடுத்து அந்த ஆய்வகத்தில் சேரும் மாணவர் முதலில் புரட்டும் பக்கங்கள் அவையாகவே இருக்கும்.